மயில்கழுத்து சைலன்சர்

"டேய் பரிதி, உள்ள குழந்த தூங்குது. அந்தக் குழாய்லேருந்து டப்புன்னு ஒரு சத்தம் வந்துச்சு, நாளைக்கே பட்டறைய காலி பண்ணிடு!"

வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னாள் ராசம்மாள். எதிரே பரிதி பட்டறை வைத்திருக்கும் கொட்டகை அவளுடையது. தொட்டிலில் தூங்குவது, பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளின் நாற்பது நாள் குழந்தை. கண்டியூரில் அந்தத் தெருவில் எந்த வண்டி கிளம்பினாலும், யார், எங்கே போகிறார் என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடும் காது அவளுக்கு.

"நீங்களே வந்து நின்னு பாருங்கக்கா. சத்தம் வந்தா நானே பூட்டி சாவியக் குடுத்துடறேன்."

பழைய என்ஜின் ஒன்றைப் பிடித்து, சட்டத்தை வளைத்து, டேங்க்கைத் தகட்டில் தட்டி, முழு மோட்டார் சைக்கிளையே தன் கையால் செய்துகொண்டிருந்தான் பரிதி. பாக்கி சைலன்சர்தான்.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனாள் ராசம்மாள். ஆனால் அவன் காயவைத்த ஆற்று மணலைக் குழாய்க்குள் கெட்டித்து, இரு முனையையும் அடைத்து, பழுக்கக் காய்ச்சி வளைத்தபோது வாய் பிளந்துவிட்டாள். ஒரு சுருக்கம் விழவில்லை. ஆற ஆற, குழாயில் நீலமும் ஊதாவும் தானாக ஏறின.

"அடேங்கப்பா! மயில்கழுத்துப் பட்டுல்ல இது! மணல் எதுக்குடா?"

"வெறும் குழாய வளைச்சா நசுங்கிடும்க்கா. மணல் உள்ளேருந்து தாங்கிக்கும்."

அன்றிலிருந்து சம்பளமில்லாத மேஸ்திரி ஆனாள். துளை போட்ட உள்குழாயில் சத்தத்தை விழுங்கும் கண்ணாடிப் பஞ்சை அவன் சுற்றினால், "இன்னும் ரெண்டு சுத்து" என்பாள். வண்டியைக் கிளப்பினால் அடுப்படிக்கு ஓடிக் காதைத் தீட்டுவாள்.

"கேக்குது! பிரிச்சு மறுபடி செய்யி!"

மூன்று தடவை பிரித்தான்.

சர்க்கரை ஏறியதிலிருந்து தனியாக வாசற்படி தாண்ட அனுமதியில்லாத அவள் கணவர் முருகையன், சாய்வு நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார்: "அவ சொல்றபடி செய் பரிதி. அவ காதுக்குத் தப்பினாத்தான் அது சைலன்சர்!"

"சரிங்க மாமா."

"முப்பது வருஷத்துல இப்பத்தான் என்னப் பத்தி ஒரு நல்ல வார்த்த!" என்று பூரித்தாள் ராசம்மாள்.

நாலாவது தடவை. அடுப்படியில் மூச்சைப் பிடித்து நின்றாள். ஒன்றுமில்லை.

"என்னடா, கிளம்பலியா?" என்று வெளியே வந்தாள்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கிட்டே போனால், மூடி போட்ட உலை கொதிப்பதுபோல ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். குழாய் வாயருகே உள்ளங்கையைக் காட்டினாள். சூடான காற்று வந்து முட்டியது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தொட்டிலில் குழந்தை புரளக்கூட இல்லை.

"கையாடா இது! தங்கக் காப்பு போடணும். பட்டறை இங்கயேதான் இருக்கும், எவன் கேக்கறான்னு பாக்கறேன்!"

மறுநாள் மத்தியானம் மாத்திரையோடு வந்தவள் திகைத்தாள். நாற்காலியில் செய்தித்தாள் மட்டும் படபடத்தது. முருகையனின் மொபெட் நிழலில் அப்படியே நின்றது.

"பரிதி, மாமாவப் பாத்தியாடா?"

"அந்தப் புது வண்டியச் செய்யச் சொன்னதே மாமாதானேக்கா! திருவையாத்துல அசோகா அல்வா சூடா இருக்கும்னு அதுலயே அப்பவே கிளம்பிட்டாரு. ஏன், உங்களுக்குக் கேக்கலையா?"