துண்டுக் கம்பி

குளியலறைச் சுவரில் அப்பியிருந்த கரும்பூஞ்சையைத் தேய்த்துக்கொண்டே வந்த பூங்கோதையின் பிரஷ் ஓரிடத்தில் நின்றது. அங்கே உள்ளங்கை அளவுக்கு மட்டும் சுவர் வெளுப்பாக இருந்தது, ஐந்து விரல்களோடு. மாமனார் தினமும் ஸ்டூலிலிருந்து எழும்போது ஊன்றுகிற இடம். கால் தள்ளாடுகிறதென்று அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு பிளம்பரைக் கூப்பிட்டாள். துளை போடும் சத்தம் கேட்டு மாமனார் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“துண்டு போட ஒரு கம்பி, மாமா.”

“இவ்ளோ தடியாவா?”

“ஈரத்துண்டு கனக்கும்ல.”

மறுநாள் அவர் குளித்துவிட்டு வந்தார். துண்டு வழக்கம்போல் தோளிலேயே கிடந்தது. பூங்கோதை உள்ளே போய்ப் பார்த்தாள். வெந்நீர் ஆவி முத்து முத்தாகப் பூத்திருந்த கம்பியில், நடுவே ஒரு பிடி அளவுக்கு மட்டும் துடைத்தாற்போல் இருந்தது.