ஆசாரியின் கூலி

நாற்பத்தொரு மணி நேரம், இருபது நிமிடம்.

கைப்பேசிக் கடிகாரம் அப்படித்தான் சொன்னது. வெள்ளி மாலையைச் செய்ய உட்காரும்போதெல்லாம் அதை ஓட விட்டாள். எழும்போது நிறுத்தினாள்.

கம்பி வளைத்ததும் பற்றவைத்ததும் இருபத்தேழு மணி நேரம். மீதி, வரைந்தது.

முழுவதும் வரைந்தது என்று சொல்ல முடியாது. பாதி நேரம் முருங்கைப் பூவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

அதைக் கணக்கில் சேர்க்கலாமா?

முருங்கைப் பூவில் பத்து மகரந்தத்தாள்கள். ஐந்தில்தான் மகரந்தம் இருக்கும். மற்ற ஐந்தும் வெறுமனே நிற்கும். கல்லூரியில் படித்தது. வெள்ளிக் கம்பியில் பத்தையும் வளைத்திருந்தாள்.

வெறுமனே நிற்கும் ஐந்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

ரசீதில் வெள்ளியின் எடையை எழுதினாள். அதற்கு இன்றைய விலை இருக்கிறது. குழப்பமில்லை.

கூலி, மணிக்கு முந்நூறு. எட்டாயிரத்து நூறு.

டிசைன்.

நாலாயிரத்து முந்நூறு என்று எழுதினாள். அடித்தாள். ஆயிரம் என்று எழுதினாள். அதையும் அடித்தாள். வேறு ரசீது எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினாள். மறுபடியும் நாலாயிரத்து முந்நூறு வந்தது.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

சம்பூர்ணத்தம்மா. மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். வரவேற்புக்குப் போட்டுக்கொள்ளத்தான் இந்த மாலை.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"உங்க ஆசாரிக்கு அது கையா, இல்ல வேறென்னமோவா அம்மிணி?"

ஆசாரி.

இரண்டு வருடங்களுக்கு முன், முதன்முதலில் வாங்க வந்த பெண் இதை யார் செய்தது என்று கேட்டாள். நான் என்று சொல்ல இவளுக்கு நாக்கு எழவில்லை. ஆசாரி என்றாள். அவ்வளவுதான், ஆசாரி பிறந்துவிட்டார். பிறகு அவருக்கு அந்தியூர்ப் பக்கம் ஓர் ஊர் வந்தது. வேலை தாமதமானால் காய்ச்சல் வந்தது. யாராவது கூலியைக் குறைத்துக் கேட்டால், அவர் ஒத்துக்க மாட்டாருங்க என்பாள்.

தனக்கென்று கேட்க வராத பணம், அவருக்கென்றால் கூசாமல் கேட்க வந்தது.

சம்பூர்ணத்தம்மா ரசீதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"கூலி செரி. தொழில்காரன் வயித்துல அடிக்கக் கூடாது. அதென்ன இது, டிசைனு? முருங்கப்பூ எங்கூட்டுப் பின்னால பொடக்காலியில கூட்டித் தள்ள முடியாமக் கெடக்குது. அதுக்கு நாலாயிரமா?"

அவர் ஒத்துக்க மாட்டார் என்று இதற்குச் சொல்ல முடியாது. கூலி ஆசாரியுடையது; அந்த ரசீதில் அவளுடையதாக இருந்தது டிசைன் என்ற அந்த ஒரு வரிதான்.

பேனாவை எடுத்து அதை அடித்தாள்.

எட்டாயிரத்து நூறும் தன் கைக்குத்தான் வரப்போகிறது. பிறகு ஏன் தனக்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கிறது?

சம்பூர்ணத்தம்மா பணத்தை எண்ணி வைத்தார். பையிலிருந்து ஒரு தாம்பாளத்தை வெளியே எடுத்தார். வெற்றிலை, பாக்கு, சீப்புப் பழம் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். கடைசியாக ஒரு பட்டுக்கரை வேட்டியும் துண்டும்.

"கலியாண நகை செஞ்ச கைக்கு மருவாதி பண்றது எங்கூட்டு வழக்கம். ஆசாரிகிட்ட நேர்லயே குடுக்கோணும். கெளம்பு, போலாம்."

"அவருக்குக் காய்ச்சலுங்கம்மா."

"போன மாசமுங் காய்ச்சல்னுதான சொன்ன? அவரு மனுசனா, தெர்மாமீட்டரா? ஆசுபத்திரியில கெடந்தாலுஞ் செரி, கண்ணுல பாத்துக் குடுத்துட்டுத்தான் வருவேன்."

மேசையில் பணம் இருந்தது. அவள் இன்னும் தொடவில்லை.

ஆசாரிக்கு மணிக்கு முந்நூறு. அதே கம்பியை, அதே இருபத்தேழு மணி நேரம், வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு பெண் வளைத்தாள் என்றால் எவ்வளவு?

பெருக்கிப் பார்த்தாள். விடை வரவில்லை.

சம்பூர்ணத்தம்மா தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"அந்த வேட்டி எனக்குத்தானுங்கம்மா வரோணும்."