மூக்கு மட்டும் மேலே
மத்தியான வெயில் கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் நுழைந்து எதிர்ச் சுவரில் நடுங்கும் வட்டமாக விழுகிறது. குடுவைக்குள் வெள்ளைச் சுண்டெலி சுற்றிச் சுற்றி நீந்துகிறது. நகம் கண்ணாடியைக் கீறும் சத்தம் ஆய்வுக்கூடம் முழுக்கக் கேட்கிறது. காலையில் அதற்குப் புகட்டிய இலைச்சாறு மனச்சோர்வைப் போக்குமா என்று பார்க்கத்தான் இத்தனை பாடும். நீந்தினால் மருந்து வேலை செய்கிறது. அசையாமல் மிதந்தால் மனம் விட்டுப்போயிற்று என்று கணக்கு. எலி நின்றதும் நிறுத்துக்கடிகாரத்தை அழுத்துவது ஆய்வாளரான அவள் வேலை. நகச் சத்தம் ஓய்கிறது. சுவர் வட்டமும் நடுக்கத்தை விடுகிறது. கால்களைப் பரப்பி, மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு, எலி அவளையே பார்க்கிறது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் தம்பியை இன்று காலை அவள் உலுக்கினாள்: "எந்திரிடா, இப்படியே கிடந்தா எப்படி?" அவன் திரும்பாமலே சொன்னான்: "முங்காம இருக்கேன்லக்கா. அதுக்கே எவ்வளவு தம் கட்ட வேண்டியிருக்கு தெரியுமா?" "மேடம், நின்னுடுச்சு, அழுத்துங்க," என்கிறார் எலியைத் துடைக்கத் துண்டோடு காத்திருக்கும் சக ஊழியர். அவள் கட்டைவிரல் பொத்தான் மேலேயே கிடக்கிறது. "எலி நின்னா நீங்களுமா நிக்கணும்?" என்று சிரிக்கிறார். மூக்கு முங்கிவிடாதபடி எலி வாலை மெல்ல அசைக்கிறது. சுவரில் வட்டம் ஒருதரம் நடுங்குகிறது.