தள்ளிப் போன நாலு பந்து

"வேற ஆளைப் போட்டுடலாம். ஆர்வில் வேண்டாம்."

லோவெல் வறுத்த முட்டையை வெட்டிக்கொண்டே சொன்னான். ஊரின் புது பேஸ்பால் மைதானத்துக்கு நாளைக்குத் திறப்பு விழா. விழாக் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

எதிரே உட்கார்ந்திருந்த மெர்ல் கண்ணைக் காட்டினான். காபி ஜக்கோடு வந்துகொண்டிருந்தாள் வெர்னா. அந்த உணவகத்தில் பரிமாறுபவள், ஆர்வில்லின் மனைவி.

"காதுல விழுந்தாச்சு" என்றாள். "முதல் பந்து அவர்தான் போடணும்னு நீங்கதானே வீடு தேடி வந்து கேட்டீங்க? பேப்பர்லகூட வந்தாச்சே."

"கேட்டோம் வெர்னா. ஆனா இப்ப டி.வி.க்காரங்க வர்றாங்களாம். பந்து போய் பேண்ட் வாசிக்கிறவன் மூக்குல விழுந்தா?"

மெர்லுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நம்ம ஊர்லேர்ந்து பெரிய லீக்குக்குப் போன ஒரே ஆளு. போட்டது மொத்தமே நாலு பந்து. நாலும் தள்ளி! மட்டைக்காரன் மட்டையைக்கூட அசைக்கலை. நாலு தள்ளிப் போனா முதல் பேஸ் இனாமாச்சே, சும்மாவே நடந்து போயிட்டான். மறுநாள் காலைல நம்மாளு பஸ்ஸேறி வீட்டுக்கு!"

"முப்பத்தெட்டு வருஷமா இதையே சொல்லிச் சிரிக்கிறீங்க."

"அவனும்தான் கூடச் சேர்ந்து சிரிக்கிறான்!"

"உங்க முன்னாடி சிரிப்பார்" என்றாள் வெர்னா. "ஒரு மாசமா கொல்லையில பழைய மெத்தையை நிறுத்தி வச்சு எறிஞ்சு பழகறார். தோளுக்குத் தைலம் தேய்ச்சு விடறது நான். இப்பப் போய் அவர்கிட்ட என்னன்னு சொல்வேன்?"

"தோள் வலிக்குதுன்னு அவனையே விலகிக்கச் சொல்லு. கௌரவமா போயிடும்."

வெர்னா ஜக்கை மேஜைமேல் வைத்தாள்.

கவுண்டர் ஓரத்தில் தனியாக ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டிருந்த வெளியூர்க்காரர் திரும்பினார். வயதானவர்.

"எந்தப் பக்கம் தள்ளிப் போச்சு?"

"எது சார்?"

"அந்த நாலு பந்தும். மட்டைக்காரன் பக்கமா, எதிர்ப்பக்கமா?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்றான் லோவெல்.

"எனக்கு இருக்கு. நாலும் எதிர்ப்பக்கம். நாலும் ஒரே இடம். அங்கே ஒரு காபிக் கோப்பையை வச்சிருந்தா நாலும் அதுல பட்டிருக்கும்."

"மேட்ச் பார்க்கப் போயிருந்தீங்களா?"

"ஆடப் போயிருந்தேன். நடந்து போன அந்த மட்டைக்காரன் நான்தான். கிளேட்டன் பீபிள்ஸ்."

அவர் தொப்பியைக் கழற்றினார். இடது காதுக்கு மேலே முடி முளைக்காத ஒரு பள்ளம்.

"அதுக்கு மூணு வாரம் முன்னாடி வேற ஊர்ல ஒரு பந்து இங்கே பட்டுது. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. இன்னொண்ணு பட்டா கண்ணு போயிடும்னு டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். திரும்பி வந்த முதல் ஆட்டத்துலயே எங்க ஆளு போட்ட பந்து உங்க ஆர்வில் டீம்காரன் ஒருத்தனைப் பதம் பார்த்துடுச்சு. பதிலுக்கு எங்கள்ல ஒருத்தனை அடிக்கணும். அப்ப அதுதான் வழக்கம். அடுத்து மட்டை பிடிச்சது நான். 'தலையைப் பார்த்துப் போடுறா'ன்னு அவங்க மேனேஜர் கத்தினார். நாலு பந்துக்கும் கத்தினார். எனக்கே கேட்டுது."

வெர்னா அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

"சொல்ல மாட்டார்மா. மேனேஜர் பேசினதை வெளியே கொண்டுவந்தா எங்களுக்குள்ள அது துரோகம்."

மெர்ல் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். லோவெல் தொண்டையைக் கனைத்தான்.

"நாளைக்கு..."

"பேப்பர்ல அவர் பேரைப் பார்த்துட்டு இருநூறு மைல் ஓட்டிட்டு வந்திருக்கேன்" என்றார் பெரியவர். "முதல் பந்து அவரே போடட்டும். எதிர்ல மட்டை பிடிச்சு நான் நிக்கிறேன். ஹெல்மெட் வேண்டாம்."