ஆறாம் படி

"இதைக் கம்ப்யூட்டர் ஆக்கிக் காட்டுங்க. அப்புறம் கல்யாணப் பேச்சை எடுக்கலாம்."

உள்ளங்கை அகலமே இருந்த ஒரு கறுப்புப் பெட்டியைப் பெண்ணின் அப்பா சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். டி.வி.யோடு இணைத்துப் படம் பார்ப்பதற்கென்று விற்கிற மலிவுச் சரக்கு.

லிஃப்ட் மெக்கானிக் அதைப் புரட்டிப் பார்த்தான். பெண் கேட்டு வந்த இடத்தில் இப்படி ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்கும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

"ஐயா, இது படம் பார்க்கிறதுக்குன்னே செஞ்சது. இதுல கம்ப்யூட்டர் சிஸ்டம் ஏத்த முடியாதுன்னு செஞ்சவனே சொல்லுவான்."

"மூணு கடைக்காரங்க அதைத்தான் சொன்னாங்க. ஆனா அவங்க யாரும் என் பொண்ணைக் கேட்டு வரலையே."

அவர் முப்பத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்களின் எடைக்கல்லையே எடை போட்ட மனிதர். நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதுகு சாயாது.

"எங்க குடும்பத்துல யாரும் அடுத்தவங்க முன்னாடி தலை குனிஞ்சது கிடையாது. வர்ற மாப்பிள்ளையும் அப்படித்தான் இருக்கணும். சாப்பாட்டுக்குள்ள முடிங்க" என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

பெண் தன் லேப்டாப்போடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"முன்னாடி வந்த ரெண்டு மாப்பிள்ளைக்கும் இதே பெட்டிதான். முதல் ஆள் பாதியிலயே கையை விரிச்சுட்டான். ரெண்டாவது ஆள் கம்ப்யூட்டர் இன்ஜினீயர். அரை நாள்ல ஓட வச்சுட்டான்."

"அப்புறம்?"

"அப்பா அவனையும் வேண்டாம்னுட்டார். ஏன்னு இன்னிவரைக்கும் வாயைத் திறக்கல."

மெக்கானிக் பெட்டியை மறுபடி புரட்டினான். ஓட வைத்தவனுக்கே இந்தக் கதியா?

"உங்கப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"யார் கண்டா? அவர் ரூமுக்கு அம்மாவே துடைப்பத்தோட வாசல்வரைக்கும்தான்."

இணையத்தில் தேடினான். போன இடமெல்லாம் 'ஆகாது' என்றே எழுதியிருந்தது. கடைசியில் ஒரு மூலையில், 'துருப்பிடிக்காதவன்' என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் இதே பெட்டிக்குப் பத்துப் படிகளில் வழி எழுதி வைத்திருந்தார். முதல் படியே மிரட்டியது: 'மேலே ஒட்டியிருப்பதை நம்பாதே. மூடியைத் திற. உள்ளே சிப்பின் முதுகில் இருப்பதைப் படி.'

திறந்தான். மூடியில் ஒட்டியிருந்தது ஓர் எண். சிப்பில் இருந்தது வேறு எண். சிப்புக்குப் பொருந்தும் சிஸ்டத்தை இறக்கி, மெமரி கார்டில் ஏற்றிச் செருகி, பெட்டியை வீட்டு டி.வி.யோடு இணைத்தான்.

ஆறாம் படி: 'ஒலிக் கம்பி செருகும் ஓட்டைக்குள் ஒளிந்திருக்கும் பொத்தானைப் பல்குச்சியால் அழுத்தியபடி மின்சாரம் கொடு. லோகோ தெரிந்ததும் குச்சியை எடு.'

எடுத்தான். பெட்டியின் பழைய மெனுவே திரையில் வந்து பல்லை இளித்தது. மறுபடி செய்தான். மறுபடியும் அதே இளிப்பு.

அடுக்களையிலிருந்து பெண்ணின் அம்மா எட்டிப் பார்த்தாள். "குச்சி பத்துமாப்பா? இன்னொரு டப்பா இருக்கு."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் வந்தது.

மூன்றாம் முறை மெக்கானிக்குக்குத் தன் வேலை ஞாபகம் வந்தது. பொத்தானிலிருந்து அவசரப்பட்டுக் கையை எடுத்தால் லிஃப்ட் கதவு முகத்தில் மூடும். அவன் குச்சியை எடுக்கவில்லை. லோகோ வந்தது, போனது, திரை இருண்டது, மறுபடி லோகோ வந்தது. அப்போதுதான் எடுத்தான். வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடி, நீலத் திரை விரிந்து, நடுவில் மவுஸ் அம்பு நின்றது.

பெண் கைதட்டிவிட்டாள். செய்தித்தாள் கீழே இறங்கியது.

"பரவாயில்லையே! எல்லாம் உங்க மூளைதானா?"

மேசைக்கடியில் பெண் அவன் காலை மிதித்தாள். ஆமாம் என்று சொல்லித் தொலை என்பது அதற்கு அர்த்தம்.

"இல்லீங்க ஐயா. யாரோ ஒருத்தர் நெட்டுல எழுதி வச்சிருந்தார். அவர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார், நான் நடந்தேன். அவ்வளவுதான்." சற்றுத் தயங்கினான். "ஆனா மனுஷன் ஆறாம் படியில மட்டும் சறுக்கிட்டார்."

செய்தித்தாள் படாரென்று மடிந்தது. "சறுக்கலா? என்ன சறுக்கல்?"

"முதல் லோகோவிலயே குச்சியை எடுக்கச் சொல்றார். ரெண்டாவது லோகோ வர்றவரைக்கும் அழுத்தணும்."

"நீங்க சரியா அழுத்தியிருக்க மாட்டீங்க!"

"மூணு தடவை அழுத்தினேன் ஐயா. அவர்மேலதான் தப்பு."

பெரியவரின் முகம் சிவந்தது. டப்பாவிலிருந்து ஒரு பல்குச்சியை உருவிக்கொண்டு விறுவிறுவென்று தன் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

"போச்சு" என்றாள் பெண். கண் கலங்கிவிட்டது. "ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? கூடவே தப்பு வேற கண்டுபிடிக்கணுமா?"

"அடுத்தவர் உழைப்பை என்னுதுன்னு சொல்லிட்டு, அப்புறம் ஆயுசுக்கும் உங்கப்பா முகத்துல எப்படி முழிக்கிறது?"

கால் மணி நேரம் ஆயிற்று. கதவு திறக்கவில்லை. அவன் பெட்டியின் மூடியை மூடித் திருகாணிகளை முடுக்கினான். கிளம்புமுன், வழி காட்டிய அந்த முகம் தெரியாத மனிதருக்கு ஒரு நன்றியாவது எழுதலாம் என்று லேப்டாப்பில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்தான்.

ஆறாம் படி மாறியிருந்தது. அதன் கீழே, ஒரு நிமிடத்துக்கு முன்னால், துருப்பிடிக்காதவன் புதிதாக எழுதியிருந்தார்:

'என் பிழை. இரண்டாவது லோகோ வரும்வரை அழுத்தவும். பிழையைச் சுட்டிக்காட்டியவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை.'