பதினைந்து நிமிடம்

தெருநாய் கடித்த காலை நீட்டிக்கொண்டு தணிகாசலம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். கடிவாயில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்பினால் போதும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் அவரே போட்ட செய்தி. முப்பத்தொரு பேர் அதற்குக் கைகூப்பியிருந்தார்கள். குழுவின் அட்மினும் அவர்தான். மருமகள் பூங்கோதை நம்பவில்லை. சுகாதாரத் துறையின் இணையதளம் இரண்டு முறை படுத்துவிட்டு மூன்றாவது முறைதான் வாய் திறந்தது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், தாமதிக்காமல் ஊசி போட வேண்டும். அந்தப் பக்கத்தைக் குழுவில் போட்டுவிட்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்து, மாமனாரின் காலைக் குழாயடிக்கு இழுத்தாள்.

"யாரு எழுதுனது? பேரு போட்டிருக்கா?"

"கவர்மென்ட் போட்டது மாமா."

"கவர்மென்டுக்கு என் காலைத் தெரியுமா? அத்தனை பேர் முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்ட இல்ல?"

எரிச்சல் தாங்காமல் அவர் உதைத்ததில் நுரை அவள் கண்ணில் தெறித்தது. அவள் பிடியை விடவில்லை. பிறகு அவர் அடங்கிவிட்டார். குனிந்து தன் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நேரம் பார்க்க அவள் நிமிர்ந்தபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. சுவரில் சாய்ந்திருந்த போனில், குழுவின் அடியில் புதிதாக ஒரு வரி: "மாமா உங்களை நீக்கினார்."

அவள் சோப்பை மறுபடி எடுத்தாள்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. காலை நீட்டுங்க."

இந்த முறை அவள் மாமா என்று சொல்லவில்லை.