ஓரக் கட்டையில் ஈரம்

“கட்டையில ஒண்ணுமில்ல. உங்களுக்கு வீண் அலைச்சல்,” என்று வாசலிலேயே சொன்னார் அர்விட். எழுபத்தொன்பது வயது. வழியை விடாமல் நின்றார்.

வீட்டுப் பரிசோதகர் லைல் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டினார். “வந்ததுக்குப் பாத்துட்டுப் போயிடறேன், ஐயா.”

அவரை வரவழைத்தது அர்விட்டின் மகள் கிரெட்சன். “பேஸ்மென்ட்ல, சுவருக்கு மேல ஓடுற ஓரக் கட்டை பூரா ஈரம். உளுத்திருந்தா வீட்டை வித்துட்டு அப்பாவை அரிசோனாவுக்கு என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். நல்லா இருந்தா இனிமே அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். நாளைக்கு எனக்கு ஃப்ளைட்.”

“நான் எங்கயும் வரல,” என்றார் அர்விட்.

“கேட்டீங்கல்ல? இதே பாட்டுதான்.” லைல் பக்கம் திரும்பினாள். “காபி குடிக்கிறீங்களா?”

“வேணாம்மா.”

“கொஞ்சமா?”

“பரவால்லம்மா.”

“சரி” என்று அவள் பெட்டி அடுக்கப் போய்விட்டாள். லைல் காபிப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “அரைக் கப்பாவது?” என்று அர்விட் கேட்டதும் சட்டென்று கை நீட்டினார். எங்கள் டுலூத் ஊரில் மூன்றாவது தடவை கேட்டால்தான் கேட்டதாகக் கணக்கு. கிரெட்சன் ஊரை விட்டுப் போய் இருபது வருஷம் ஆகிறது.

கீழே போய், குளிர் தாக்காமலிருக்கக் கட்டையை மூடியிருந்த பஞ்சை லைல் விலக்கினார். கட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெளியே மைனஸ் இருபது. மழைத் தண்ணீர் என்று சொல்ல வழியில்லை. திருப்புளியால் நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்தார். எங்கும் இறங்கவில்லை.

பக்கத்தில் துணி உலர்த்தும் மிஷின். ஆவியை வெளியே கொண்டுபோக வேண்டிய குழாய் கழன்று, கட்டையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

“அவ்வளவுதான் விஷயம். ஆவி மொத்தமும் சில்லுன்னு இருக்கிற கட்டையில பட்டுத் தண்ணியாகுது. மரம் கல்லு மாதிரி இருக்கு. குழாயை மாட்டிட்டா பத்து நாள்ல காஞ்சிடும். இன்னும் அம்பது வருஷம் தாங்கும்.”

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கிரெட்சனின் முகம் வாடிப்போனது. “சரிப்பா, நீங்க ஜெயிச்சிட்டீங்க. இனிமே தொந்தரவு பண்ணமாட்டேன்.” மேலே ஏறிப் போனாள்.

லைல் குனிந்து குழாயை எடுத்தார். கிழவரின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

“மாட்டாதீங்க, தம்பி. கழட்டினதே நான்தான்.”

லைல் அவரை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப அவங்க கூப்பிட்டப்போ வரலன்னீங்களே?”

மேலே பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

“அவ ரெண்டு தடவைதான் கூப்பிட்டா.”